ராஜகிருகப் படமும் உத்திரமேரூர்ச் சேரியின் சுவரும்

உத்திரமேரூர் வட்டத்துக் குடியிருப்புகளுக்கு நில வழக்குகளின் பொருட்டு நாம் செல்லும்போது, கோட்டு அணிந்த அம்பேத்கரின் படம் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அவருடைய குடும்பப் படத்தை மாட்டிய வீடோ மிகக் குறைவு. 1934 பிப்ரவரியில் பம்பாய் தாதரில் உள்ள ராஜகிருகத்தில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. மகன் யஷ்வந்த், அம்பேத்கர், மனைவி ரமாபாய், அண்ணி லட்சுமிபாய், அண்ணன் மகன் முகுந்தராவ் ஆகியோரும் டோபி என்ற நாயும் அதில் உள்ளனர்.

நிழற்படத்தைச் சான்றாக முன்வைத்தால், எடுத்தவர் யார், எடுத்த நாள் எது என்று நீதிமன்றம் கேட்கும். படத்தில் இல்லாதவர் யார் என்று கேட்பதில்லை. நாம் அதையே முதலில் கேட்க வேண்டியுள்ளது. அம்பேத்கருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த குழந்தைகள் ஐவர். எஞ்சியவர் யஷ்வந்த் ஒருவரே. கங்காதர், ரமேஷ், இந்து, ராஜரத்னா ஆகிய நால்வரும் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். கடைசியாக ராஜரத்னாவின் மரணம் 1926இல் நேர்ந்தது. படம் எடுக்கப்பட்டபோது யஷ்வந்துக்கு வயது 21. அடுத்த ஆண்டு மே 27 அன்று ரமாபாயும் காலமானார். ஆக, பலரும் நிறைவான குடும்பமாகக் காணும் இப்படம், நான்கு இழப்புகளுக்குப் பிறகும் ஐந்தாவதற்குச் சற்று முன்னும் எடுக்கப்பட்டது.

அம்பேத்கர் தம் குழந்தைப் பருவத்தைப் பிற்காலத்தில் எழுத்திலே பதிந்து வைத்தார். 1901இல் தந்தையைக் காண, சிறுவர்கள் சிலராகச் சாத்தாராவிலிருந்து கோரேகாவுக்குப் பயணம் புறப்பட்டனர். அவர்களது சாதியை அறிந்ததும் வண்டிக்காரர் எவரும் ஏற்றிச்செல்ல இசையவில்லை. இறுதியில் இரட்டைக் கூலி கொடுத்து, சிறுவர்களே மாட்டைப் பிடித்து வண்டியை ஓட்டினர். வண்டிக்காரர் உடன் நடந்து வந்தார். உண்ண உணவிருந்தும் குடிக்கத் தண்ணீரின்றி அந்த இரவைக் கழித்தனர். இங்கே விடுதலை என்பது கொடியோ நாளோ அன்று, குவளைத் தண்ணீர். அந்தச் சிறுவன் வளர்ந்து, தன் மனையில் தான் கட்டிய வீட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறான். நம் கண்ணுக்கு இப்படத்தின் முதன்மைச் செய்தி அந்த வீடுதான்.

இதை உத்திரமேரூரில் வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் அவற்றைக் குறிப்பிட்டார். ஆனால் அவை பிராமணச் சபையின் விதிகள்: கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் சொந்த வீடு, வேத அறிவு. ஜனநாயகத்தின் தாயகம் என்று பெருமை பேசுவோர் இந்தத் தகுதிகளை ஏனோ வாசித்துக் காட்டுவதில்லை.

மனை இல்லாதவன் அவையில் இல்லை. அந்நிலை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை. அன்று உத்திரமேரூரை உள்ளடக்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, படியாட்களின் குடிசை நின்ற மனையும் அவர்களுக்கு உரிமையாக இல்லாததைச் சுட்டியது. கூலி கேட்டால் மிராசுதாரர் குடிசையையே காலி செய்யச் சொல்லலாம். அப்படியிருக்கையில், அக்குடும்பத்துச் சிறுவன் பள்ளிக்குப் போவதா மாடு மேய்ப்பதா என்பதை முடிவு செய்பவர் யார்? குழந்தைப் பருவத்தை மனையுரிமையிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என்பது நம் கருத்து. இவ்வறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த 1010ஆம் எண் அரசாணையே பஞ்சமி நிலத்தின் தொடக்கம். வழங்கிய நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

ஆகவே, கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம். சேரி வீடொன்றில் பழைய குடும்பப் படம் கிடைத்தால், முகங்களின் பெயரைக் குறித்துக்கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். அவர்களுக்குப் பின்னே தெரியும் சுவர் எங்கே இருந்தது, அந்த மனை எந்தச் சர்வே எண்ணைச் சேர்ந்தது என்று மூத்தவர்களிடம் விசாரியுங்கள். பிறகு அந்த எண்ணைக் கிராம 'அ' பதிவேட்டிலும் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டிலும் ஒப்பிட்டு, இரண்டிலும் யார் பெயர் உள்ளது என்று பாருங்கள்.