மூச்சும் மருந்தும் – 7
காணொளியில் பார்க்க வேண்டிய மூச்சு

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழாய்கள் குறுகி, சளியால் அடைபட்டு, காற்றுப்பைகளும் சிதைந்துபோவதால், உள்ளே சென்ற காற்று முழுவதுமாக வெளியேற முடியாமல் நோயாளி திணறுகிறார் என்பது சென்ற இதழில் விளக்கப்பட்டது. இந்நோய்க்குரிய மருந்துகளில் முதன்மையானவை இன்ஹேலர் வழியே உள்ளிழுக்கப்படுபவை. மாத்திரையை விழுங்கினால் போதும். இன்ஹேலரிலோ மருந்து நுரையீரலை எட்டுவதும் தொண்டையிலேயே படிந்து வீணாவதும் நோயாளியின் கையும் மூச்சும் இணைந்து இயங்குவதைப் பொறுத்தவை. ஆகவே, மருந்தைத் தவறாமல் எடுப்பதாக நோயாளி உண்மையாகவே சொன்னாலும், அந்த விடையிலிருந்து மருத்துவர் அறியக்கூடியது மிகக் குறைவு.

அந்தக் குறைவை அளந்து காட்டியது அயர்லாந்தில் ரிச்சர்ட் காஸ்டெல்லோவின் குழு. டிஸ்கஸ் எனும் வட்டவடிவத் தூள் இன்ஹேலரின் மேல், ஒலியைப் பதிவுசெய்யும் 'இன்கா' என்ற சிறு கருவியைப் பொருத்தி, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளிடம் அக்குழு கொடுத்தது. இன்ஹேலர் திறக்கப்பட்ட நேரம், மருந்தைத் திறந்துவிடும் நெம்புகோலின் ஒலி, மூச்சை இழுத்த வேகம், இழுப்பதற்கு முன் அதற்குள்ளேயே ஊதித் தூளைக் கெடுத்துவிட்ட பிழை ஆகிய அனைத்தும் பதிவாயின. 2017-இல் வெளியான முடிவின்படி, 244 பேர் சேர்க்கப்பட்ட அந்த ஆய்வில், உரிய நேரத்தில் சரியான முறையில் எடுக்கப்பட்ட மருந்து எதிர்பார்த்ததில் சராசரியாக 22.6 விழுக்காடு மட்டுமே. 80 விழுக்காட்டைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்ஹேலரை ஒழுங்காகவே பயன்படுத்தினார், ஆனால் பிழையோடு பயன்படுத்தினார் என்பதே இதில் மிகவும் வருத்தத்திற்குரியது. ஏனெனில் இவர்களிடம் அக்கறைக்குக் குறைவில்லை, திருத்துவதற்குத்தான் அருகில் ஆளில்லை. பாதிக்கு மேற்பட்டோரின் அறிதிறன் ஓரளவு மங்கியிருந்ததால், மருத்துவமனையை விட்டுச் செல்லும் நாளில் ஒருமுறை சொல்லிக்கொடுப்பது எத்தனை நாள் நினைவில் நிற்கும் என்பதும் எண்ணிப்பார்க்க வேண்டியது.

தொலைமருத்துவம், அதாவது தொலைத்தொடர்பு வழியே அளிக்கப்படும் மருத்துவம், பயன்படக்கூடிய இடம் இதுவே. ஆனால் எல்லா வகைத் தொலைமருத்துவமும் ஒன்றல்ல. ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதியில் 256 நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் தம் நோய்க்குறிகளையும் குருதியின் ஆக்சிஜன் அளவையும் நாள்தோறும் தொடுதிரை வழியே அனுப்பினர். மருத்துவக் குழு அவற்றைக் கண்காணித்தது. எனினும் மருத்துவமனையில் மீண்டும் சேர்வது தள்ளிப்போகவில்லை: கண்காணிக்கப்பட்டோருக்குச் சராசரியாக 362 நாள், மற்றவர்களுக்கு 361 நாள். எண்களை அனுப்பச் செய்வதைவிட, மருந்து உள்ளே செல்லும் கணத்தைப் பார்த்துத் திருத்துவதே பயனளிக்கும் என்று கருத இடமிருக்கிறது.

காணொளி அழைப்பில் பார்க்க வேண்டியவையும் நுட்பமானவை. அழுத்தி இழுக்கும் இன்ஹேலரில் கை முந்திக்கொண்டால், வாயோரம் வெண்புகைபோல் மருந்து கசிவது திரையில் தெரியும். தூள் நிரம்பிய கேப்ஸ்யூலைப் பயன்படுத்தும் கருவியில், போதிய வேகத்தோடு இழுக்கும்போது எழும் கடகட ஒலி கைபேசியில் கேட்கும். ஒலி எழாவிட்டால் மூச்சு போதவில்லை என்று பொருள். இழுத்து முடித்தபின் கேப்ஸ்யூலைத் திறந்து காட்டச் சொன்னால், எஞ்சிய தூளே மற்றதைச் சொல்லிவிடும். அந்தக் கேப்ஸ்யூலை மாத்திரையென எண்ணி விழுங்கிவிடுவோரும் உண்டு.

இந்தியாவில் 2019-இல் தொடங்கிய இ-சஞ்சீவனி சேவையின் ஒரு பிரிவில், நலவாழ்வு மையத்தின் சுகாதார அலுவலர் நோயாளியின் அருகிலிருக்க, தொலைவிலுள்ள மருத்துவர் திரையில் பேசுகிறார். கைபேசியைச் சரியான கோணத்தில் பிடிக்கவும், மருத்துவர் சொன்னதை நோயாளியின் கையைப் பிடித்துச் செய்துகாட்டவும் ஆளிருப்பதால், இன்ஹேலர் பயிற்சிக்கு இவ்வமைப்பு மிகவும் ஏற்றது. ஆனால் நோயாளி தம் சொந்த இன்ஹேலரையே எடுத்துவர வேண்டும்: அழுத்தி இழுக்கும் வகைக்கு மெதுவான நீண்ட மூச்சும், தூள் வகைக்கு வேகமான ஆழ்ந்த மூச்சும் தேவைப்படுவதால், ஒன்றில் பெற்ற பயிற்சி மற்றொன்றில் பிழையாகிவிடும், மருந்துக்கடையில் கருவி மாற்றித் தரப்பட்டால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

(தொடரும்)