யோசித்து முடிக்கும்வரை ஆறு காத்திருக்காது

பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர், சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக மாத்தளை மாவட்டத்துக்குள் நுழைகிறது. உக்குவளை மின் நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிவிட்டுச் சுது கங்கையில் இறங்கி, அம்பன் கங்கையோடு போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கே ஒரு பங்கு வடக்கே திரும்ப, மறு பங்கு மொரகஹகந்தவுக்குப் போகிறது. யாருக்கு எவ்வளவு என்பதைப் பெரும்போகம், சிறுபோகம் என்று போகத்துக்குப் போகம் திட்டமிடுகிறார்கள். மழைக்கு அந்தத் திட்டம் தெரியாது. நக்கிள்ஸ் மலையின் மாத்தளைப் பக்கத்தில் ஓர் இரவு கொட்டித் தீர்த்தால், காலையில் கணக்கே வேறு.

நீரைப் பங்கிடும் இந்த வேலையை, தானே முடிவெடுத்துச் செயல்படும் ஒரு மென்பொருள் முகவரிடம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுவதும் யோசித்த பிறகு செயல்பட வேண்டுமா, செயல்பட்டுக்கொண்டே யோசிக்க வேண்டுமா?

கேள்வி பழையது. 1966 முதல் 1972 வரை கலிபோர்னியாவில் உருவான 'ஷேக்கி' ரோபோ முதல் கட்சி. பார்க்கும், திட்டம் போடும், பிறகுதான் நகரும். அறைக்குள் எதுவும் மாறாதவரை அது சரி. 1987இல் மைக்கேல் ஜோர்ஜெஃப், ஏமி லான்ஸ்கி இருவரும் வேறு வழி காட்டினார்கள். விண்வெளி ஓடத்தின் கோளாறுகளைக் கையாள்வதை மனதில் வைத்து அவர்கள் அமைத்த முறையில், யோசனையின் நடுவிலேயே புதிய தகவல் குறுக்கிடலாம். முகவர் கையிலுள்ளதை நிறுத்திவிட்டு அவசரத்தைக் கவனிக்கும்.

சரி, எத்தனை தடவை நிறுத்திப் பார்ப்பது? எனக்கு இதுதான் சுவையான இடம். 1991இல் டேவிட் கின்னியும் ஜோர்ஜெஃபும் இதைச் சோதித்தார்கள். சூழல் மெதுவாக மாறும்போது, எடுத்த திட்டத்தை விடாப்பிடியாக முடிக்கும் முகவர் வென்றது. வேகமாக மாறும்போது, அடிக்கடி மறுயோசனை செய்த முகவர் முந்தியது. மாத்தளைக்குப் பொருத்தினால், வறண்ட மாதங்களில் பிடிவாதம் நல்லது. வடகீழ்ப் பருவமழையில் அதுவே ஆபத்து. ஒரே முகவருக்கு இரண்டு சுபாவமும் வேண்டும், எப்போது மாறுவது என்ற அறிவோடு.

2022 ஒக்டோபரில் ஷுன்யு யாவ் குழுவினர் வெளியிட்ட 'ரியாக்ட்' முறை, பெரிய மொழி மாதிரிகளை யோசி, செய், விளைவைப் பார், மறுபடி யோசி என்று ஓட வைத்தது. இன்றைய ஏஐ முகவர்கள் பலவற்றின் அடித்தளம் அது. ஆனால் அது ஒரே நேரத்தில் நடப்பதல்ல, மாறி மாறி நடப்பது. மாதிரி ஒரு பத்தி யோசிக்கும் நேரத்திலும் நீர்மட்டம் ஏறும். தகவல் தேடுவதற்கு அந்தத் தாமதம் பொருட்டல்ல, வான்கதவுக்கு அது பெரிய விஷயம்.

ஆகவே, முகவர் மழைமானியைப் படிக்கட்டும், கணக்குப் போடட்டும், எச்சரிக்கட்டும். வான்கதவைத் திறக்கும் கட்டளை மட்டும் கடமையிலுள்ள பொறியியலாளரிடமே இருக்கட்டும். திறந்த நீரைத் திரும்ப எடுக்க வழியில்லை. முகவர் மென்பொருள் விற்க வருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வேலையின் பாதியில் புதிய செய்தி வந்தால், செய்து முடித்த பாதியை இது என்ன செய்யும்? பதில் தெளிவாக இல்லையென்றால் வாங்காதீர்கள்.