குளிர்பெட்டியில் படரும் பனி

ஞாயிறு விடியலில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கூடும் கூட்டத்தை இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் குடும்பங்கள் நன்கறியும். வாரம் முழுமைக்கும் வேண்டிய மீனை வாங்கி, சுத்தம் செய்து, பிரிட்ஜின் ஃப்ரீசரில் வைப்பது இன்று பல இல்லங்களில் வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாட்களை எண்ணி, முன்னதாகவே சேமித்து வைப்போரும் உண்டு. ஆனால் சில வாரங்களிலேயே ஃப்ரீசரின் சுவர்களில் வெண்பனி படர்கிறது. மீன் பொட்டலம் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. கதவும் சரியாக மூடுவதில்லை. இப்பனி எங்கிருந்து வருகிறது?

பெட்டிக்குள் நீர் தானாகச் சுரப்பதில்லை, வெளிக்காற்றிலிருந்தே வருகிறது. 30 டிகிரி வெப்பமுள்ள காற்று, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஃப்ரீசருக்கு உரிய குளிரான மைனஸ் 18 டிகிரியில், அதே காற்றால் ஒரு கிராம் அளவே தாங்க இயலும். எஞ்சிய ஆவி, நீராக மாறாமலே குளிர்ந்த சுவரில் பனியாகப் படிகிறது. கடலோரத்தில் வாழும் நம் வீடுகளின் காற்றில் ஈரம் மிகுதி. 40 லிட்டர் ஃப்ரீசரை ஒருமுறை திறந்து, உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறினால், ஏறத்தாழ முக்கால் கிராம் நீர் உள்ளே புகும். நாளொன்றுக்கு இருபது முறை திறந்தால், ஒரு மாதத்தில் அது அரைக் கிலோவை நெருங்கும்!

"பனி மிகுந்தால் குளிர்ச்சியும் மிகும்" என்று சிலர் எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. 1842-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இதற்கு நல்ல விளக்கம். பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டூடர், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். மரத்தூளின் இடுக்குகளில் சிக்கிய காற்று, வெளிவெப்பத்தை உள்ளே விடாது காத்தது. ஃப்ரீசரின் வெண்பனியிலும் அவ்வாறே காற்று சிக்கியுள்ளது. அதனால் அது குளிர்ந்த சுவருக்கும் மீனுக்கும் இடையே போர்த்திய கம்பளியாகிறது. கம்ப்ரஸர் ஓயாது உழைக்கிறது, மின்கட்டணம் ஏறுகிறது, மீனோ போதிய குளிர் பெறாது கெடத் தொடங்குகிறது. குளிர் போதவில்லையென்று குமிழை மேலும் திருகினால், பனி இன்னும் தடிக்குமேயன்றிக் குறையாது.

இதனைத் தடுக்கச் செய்யவேண்டியவை எளியவையே. வேண்டியவற்றை முன்பே எண்ணிக்கொண்டு, ஒரே முறையில் எடுத்துக் கதவை உடனே மூடவேண்டும். சூடான குழம்பை ஆறிய பின்னரே வைக்கவேண்டும். கழுவிய மீனை நீர் வடியவிட்டு, காற்றுப் புகாத பையிலோ மூடியுள்ள டப்பாவிலோ அடைக்கவேண்டும். கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வழுக்கி வந்தால், அவ்விடத்தில் ஈரக்காற்று இரவுபகலாக உள்ளே நுழைகிறது என்று பொருள். விளிம்பைச் சோப்பு நீரால் துடைத்தும் பயனில்லையேல் புதிது மாற்றுக.

பனி கால் அங்குலம் தடிக்குமுன்பே கரைத்துவிடுவது நன்று. பொருள்களை வெளியே எடுத்து, பல செய்தித்தாள்களில் நெருக்கிச் சுற்றி வைத்து, பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்துவிடுங்கள். உள்ளே ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்தால் பனி விரைந்து கரையும். பின் ஈரத்தை நன்கு துடைத்து, மீண்டும் இயக்குங்கள். கத்தியாலோ கரண்டிக் காம்பாலோ பனியைக் குத்திப் பெயர்க்கவே கூடாது. சுவருக்குள் ஓடும் மெல்லிய குழாய் துளைபட்டால் குளிரூட்டும் வாயு வெளியேறிவிடும். பழுதுபார்ப்பதற்கு ஆகும் செலவும் மிகுதி. இன்றைய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் எளிதில் தீப்பற்றும் வாயு என்பதையும் மறவாதீர்கள்.

பனி படியாத 'ஃப்ராஸ்ட் ஃப்ரீ' பெட்டிகளில், மறைவிலுள்ள குளிர்க்குழாயின் பனியை ஒரு சிறு ஹீட்டர் அவ்வப்போது உருக்கிவிடுகிறது. அத்தகைய பெட்டியிலும் பனி மண்டினால், கதவு சரியாக மூடுகிறதா என்று முதலில் பாருங்கள். மூடினால், மெக்கானிக்கை அழைப்பதே முறை.

இறுதியாக ஒன்று. இன்சுலின் போன்ற மருந்துகளை ஃப்ரீசரிலோ பனி படர்ந்த சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பின் பார்வைக்குப் பழையபடியே தோன்றினாலும் பயன்படாது. நடுத்தட்டே அதற்கு ஏற்ற இடம். மீன் கெட்டால் ஒருவேளை உணவே வீண். மருந்து கெட்டால் உயிருக்கே இடராகும்.