நெஞ்சில் பாய்ந்த முனை

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டில் அரிவாளும் கம்பியும் நாள்தோறும் புழங்குவன. தவறி அவற்றின் முனை ஒருவன் நெஞ்சில் பாய்ந்துவிட்டால், பிடுங்கவே கை பரபரக்கும். அது பெருந்தவறு. குத்திய பொருளே காயத்தை அடைத்து நிற்கலாம். அதனை அசையாதபடி துணி சுற்றிக் கட்டி, 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். பெரிய மருத்துவமனையுள்ள திருநெல்வேலி 50 கிலோமீட்டருக்கும் அப்பாலன்றோ இருக்கிறது!

இதயத்தைச் சுற்றி ஓர் உறை உண்டு. அது எளிதில் விரியாது. காயம்பட்ட இதயத்தினின்று கசியும் குருதி அதனுள் விரைந்து தேங்குமாயின், சிறிதளவே ஆயினும், இதயம் விரிய இடமின்றி நெரிபடும். அப்போது இரத்த அழுத்தம் தாழும். கழுத்துச் சிரைகள் புடைக்கும். இதய ஒலி மங்கும். இம்மூன்றையும் அமெரிக்க மருத்துவர் கிளாடு பெக் 1935-இல் எடுத்துரைத்தார். எனினும் மூன்றும் ஒருங்கே தோன்றுதல் அரிது. குருதி மிக இழந்தவனுக்குச் சிரைகள் புடையாமலும் இருக்கும். ஆதலின் இன்று மார்பின்மேல் ஒலியலைக் கருவியை வைத்து, உறைக்குள் குருதி உளதா என்று சில நிமிடங்களில் காண்கின்றனர். உளதாயின், நெஞ்சைத் திறந்து தைத்தலே பெரும்பாலும் வழி.

இதயத்தைத் தைத்தல் இயலாது என்றே நெடுங்காலம் பலர் எண்ணினர். 1896 செப்டம்பரில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், லுட்விக் ரேன் என்னும் மருத்துவர், கத்திக்குத்துப்பட்ட இளைஞன் ஒருவனின் துடிக்கும் இதயத்தில், அது விரியும் நொடி பார்த்து ஊசி செலுத்தினார். மூன்று பட்டுத் தையல்கள். அவன் பிழைத்தான்.