மூன்று மில்லிமீட்டர் இடைவெளி

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் நீங்கள் போயிருந்தால், மீஞ்சூரைத் தாண்டியதும் வரும் சிறிய நிலையத்தைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் அனுப்பம்பட்டு. வடக்கே தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் போகும் வண்டிகள் இவ்வழியேதான் போகின்றன. ஒரு நாள் காலை நான் அங்கே மேடையில் நின்றிருந்தபோது நீண்ட சரக்கு வண்டி ஒன்று கடந்து சென்றது. தட்டையான பெட்டிகளின்மேல் தார்ப்பாய் போர்த்திய பீரங்கிகள். குழல்களின் முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்றவன் என் மாணவன். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த மீனவர் வீட்டுப் பிள்ளை. அவன் கேட்டான்: "சார், உக்ரைனுக்கு எத்தனையோ நாடு பீரங்கி கொடுத்துச்சு, ரஷ்யாவுக்கு வட கொரியா கொடுத்துச்சுன்னு பேப்பர்ல படிச்சேன். ஒரு நாட்டுப் பீரங்கியில இன்னொரு நாட்டுக் குண்டைப் போட்டுச் சுட முடியுமா சார்?"

நான் உடனே விடை சொல்லவில்லை. "உங்கள் வீட்டுப் படகு இஞ்சினில் ரிங் தேய்ந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "புகை தள்ளும் சார். இழுவை இருக்காது" என்றான். கேள்வியின் பாதி விடை அவன் வாயிலேயே வந்துவிட்டது.

பீரங்கியும் ஒரு வெப்ப இஞ்சின்தான். சிலிண்டருக்குப் பதில் குழல்; பிஸ்டனுக்குப் பதில் குண்டு. ஒரே ஒரு வேறுபாடு, இந்தப் பிஸ்டன் வெளியே போனால் திரும்பி வராது. குண்டுக்குப் பின்னால் வைக்கப்பட்ட மருந்து எரிந்து சூடான வாயுவாகி, குண்டை முன்னே தள்ளுகிறது. அந்த வாயு பக்கவாட்டில் கசிந்துவிடக் கூடாது. அதற்காகக் குண்டின் இடுப்பில் செம்பு போன்ற மெல்லிய உலோகத்தால் ஒரு பட்டை போட்டிருப்பார்கள். குழலின் உட்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். பட்டை அந்தப் பள்ளங்களில் அழுந்திக் கடித்துக்கொண்டு நகரும்போது வாயுவும் அடைபடுகிறது, குண்டும் சுழல்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டு தலைகுப்புறப் புரளாமல் பறக்கிறது.

இப்போது அளவுகளைப் பாருங்கள். சோவியத் நாட்டுக் கனரகப் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றின் உள்விட்டம் 152 மில்லிமீட்டர். துல்லியமாகச் சொன்னால் 152.4, அதாவது சரியாக 6 அங்குலம். அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பிய நாடுகளும் பயன்படுத்துவது 155 மில்லிமீட்டர். வேறுபாடு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் இரண்டு வட்டங்களின் பரப்பையும் கணக்கிட்டுக் கழித்துப் பாருங்கள். சுமார் 6.3 சதுர சென்டிமீட்டர் வரும். 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் ஓட்டைக்கு அது சமம்! சிறிய குண்டைப் பெரிய குழலில் போட்டால் வாயு அவ்வளவு இடைவெளி கண்டு ஓடப் பார்க்கும். பட்டை பள்ளத்தைச் சரியாகப் பற்றாது. தூரமும் குறியும் கெட்டுவிடும். பெரிய குண்டோ சிறிய குழலுக்குள் நுழையவே நுழையாது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது, உக்ரைனிடம் இருந்தவை பெரும்பாலும் சோவியத் காலத்துப் பீரங்கிகள். சில மாதங்களில் அவற்றுக்கான குண்டுகள் குறைந்துபோயின. அந்த அளவில் குண்டு செய்வதில் உலகிலேயே பெரிய நாடு எது? சண்டை போட்டுக்கொண்டிருந்த ரஷ்யாதான்! எதிரியிடம் போய்க் குண்டு கேட்க முடியுமா? ஆகவே நண்பர்கள் 152 மில்லிமீட்டர் குண்டுகளைத் தேடித் தருவதோடு நிற்காமல், பீரங்கியையே மாற்றிக் கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் அமெரிக்கா எம்-777 வகைப் பீரங்கிகள் 90 தர முன்வந்தது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் அதே வகையைத் தந்தன. பிரான்ஸ் 'சீசர்' பீரங்கிகளை அனுப்பியது. எல்லாம் 155.

பீரங்கி வந்துவிட்டால் போதுமா? உக்ரைன் வீரர்கள் ஜெர்மனிக்குப் போய் அதை இயக்கப் பயிற்சி பெற்றார்கள். ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு சாய்வு என்று சொல்லும் அட்டவணைகளைப் புதிதாகக் கற்றார்கள். குழலும் நிரந்தரமன்று, சூடான வாயு ஒவ்வொரு முறையும் எஃகைச் சிறிது அரித்துவிடுகிறது. சில ஆயிரம் குண்டுகள் சுட்டபின் குழலையே மாற்ற வேண்டும். பழுதான பீரங்கிகள் எல்லை தாண்டிப் போலந்துக்குப் போய்ச் சீராகி வந்தன. கொடுத்தவனின் கை குறுகினால் அல்லது மனம் மாறினால், பீரங்கி வெறும் இரும்புக் குழாய்.

இந்த 155 என்ற எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? அதுவும் ஒரு கூட்டாளி தந்த எண்தான். 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது அதனிடம் போதிய பீரங்கிகள் இல்லை. பிரான்ஸ் தன் 75, 155 மில்லிமீட்டர் பீரங்கிகளைக் கொடுத்தது. போர் முடிந்தது, அளவு மட்டும் அமெரிக்காவில் தங்கிவிட்டது. அங்குலத்தில் அளக்கும் நாட்டில் ஒரு மில்லிமீட்டர் பீரங்கி! நூறாண்டுக்குப் பின் உக்ரைனுக்குப் போனதும் அந்தப் பிரெஞ்சு விட்டம்தான்.

மறுபுறத்தில் நடந்ததும் இதே இயற்பியல். வட கொரியாவின் ஆயுதச் சாலைகள் சோவியத் அளவுகளைப் பின்பற்றியவை. எனவே அதன் 152, 122 மில்லிமீட்டர் குண்டுகள் ரஷ்யப் பீரங்கிகளில் அப்படியே பொருந்தின. 2024 ஜூனில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் வட கொரிய வீரர்கள் ரஷ்யாவுக்கு வந்து, பின்னர் கூர்ஸ்க் பகுதியில் போரிட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்று தென் கொரியாவும் அமெரிக்காவும் மதிப்பிட்டன. 2025 ஏப்ரலில்தான் ரஷ்யாவும் வட கொரியாவும் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டன. தெரியாத மொழியில் கட்டளை கேட்டு, தெரியாத மண்ணில் அவர்களில் பலர் மடிந்தார்கள். குண்டுக்கு மில்லிமீட்டர் பொருந்தினால் போதும். மனிதனுக்கு மொழியும் பொருந்த வேண்டும் அல்லவா?

2024 நவம்பரில் ரஷ்ய ரயில்பாதை ஒன்றில் எடுத்த படங்கள் வெளியாயின. அனுப்பம்பட்டில் நாங்கள் பார்த்தது போலவே, சரக்குப் பெட்டிமேல் நீண்ட பீரங்கி. அது வட கொரியாவின் 'கோக்சான்'. உள்விட்டம் 170 மில்லிமீட்டர். சாதாரணக் குண்டு சுமார் 40 கிலோமீட்டர் போகும். ஆனால் ரஷ்யாவின் சொந்தப் பீரங்கிகளில் 170 என்ற அளவே கிடையாது. அப்பீரங்கியை வாங்கியவன் குண்டுக்கும் பியோங்யாங்கைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. பீரங்கிக் கணக்கு போடுவது எனக்கு மகிழ்ச்சியான வேலை அன்று. ஒவ்வொரு விடையின் முடிவிலும் யாரோ ஒருவர் வீடு இருக்கிறது. ஆனாலும் பாடப்புத்தகம் மறைப்பதை இது காட்டும். எம்-777 பீரங்கியின் குண்டு ஏறக்குறைய 43 கிலோகிராம். குழலை விட்டு வினாடிக்கு 827 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 45 பாகை சாய்வில் எறிந்தால் செல்லும் தூரம், வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தது. போட்டுப் பாருங்கள், சுமார் 70 கிலோமீட்டர். உண்மையில் போவதோ 24 கிலோமீட்டர்தான்! மீதியைத் தின்றுவிடுவது காற்று. 1999இல் கார்கில் மலைகளில், நாம் 1986இல் சுவீடனிடம் வாங்கிய 155 மில்லிமீட்டர் போபர்ஸ் பீரங்கிகள் சமவெளியில் எட்டும் 24 கிலோமீட்டரைத் தாண்டிச் சுட்டன. காரணம், அந்த உயரத்தில் காற்று மெல்லியது. சமவெளி அட்டவணையை வைத்துக்கொண்டு அங்கே சுட்டால் குண்டு குறியைத் தாண்டிப் போய் விழும்.

அந்தப் போபர்ஸ் வரைபடங்களை அடிப்படையாகக் கொண்டு 'தனுஷ்' என்ற பீரங்கியை ஜபல்பூரில் நாமே செய்யத் தொடங்கினோம். முதல் ஆறு 2019இல் படைக்குக் கிடைத்தன. பழைய சோவியத் 130 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்கு 155 மில்லிமீட்டர் குழல் மாட்டி 'சாரங்' ஆக்கினார்கள். நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாக உந்துமருந்து செய்துவருகிறது. மருந்து என்றதும் நம் பழவேற்காடு நினைவுக்கு வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே வெடிமருந்து செய்து, கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். யாருடைய போருக்கோ போன மருந்து!

படையும் இங்கே வந்திருக்கிறது. 1781 ஆகஸ்டு தொடக்கத்தில், ஐதர் அலியால் நெருக்கப்பட்டிருந்த சென்னை ஆங்கிலேயருக்கு உதவ, வங்காளத்திலிருந்து கடற்கரை வழியே நடந்தே வந்த படை பழவேற்காட்டில் தளபதி கூட்டின் படையோடு சேர்ந்தது. அதை நடத்தி வந்த கர்னல் பியர்ஸ் பீரங்கிப் படை அதிகாரி, வானியலிலும் ஆர்வமுள்ளவர். சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் இடையே பல ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை அவர் அளந்து வைத்தார்.

ஐதருக்கு உதவிய கூட்டாளி பிரான்ஸ். 1782 மார்ச்சில் பிரெஞ்சு வீரர்கள் பரங்கிப்பேட்டையில் இறங்கினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஐதர் இறந்தார். 1783இல் திப்பு மங்களூர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுப் படையும் உடன் நின்றது. அந்நேரம் ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானம் செய்துகொண்ட செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சண்டையை நிறுத்தி விலகிவிட்டார்கள். கோட்டை அடுத்த ஜனவரி வரை பணியவில்லை. சமாதானம் பேசியபோது திப்புவை யாரும் கேட்கவில்லை.

இவ்வளவையும் அன்று ரயில் மேடையில் நான் சொல்லி முடிக்கவில்லை, வண்டி வந்துவிட்டது. அடுத்த வாரம் அந்த மாணவன் தன் சித்தப்பாவின் படகு இஞ்சினிலிருந்து கழற்றிய பழைய ரிங் ஒன்றையும், பெட்டி பிரிக்காத புது ரிங் ஒன்றையும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தான். இரண்டையும் திருகு அளவியில் வைத்துத் தடிமனை மும்முறை அளந்தோம். தேய்மானம் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. "இதுக்கா சார் அவ்ளோ புகை?" என்றான்.