கையொப்பமும் விருப்பக்குறியும்: திருப்பனந்தாளை முன்வைத்துப் பதிப்புத்துறையின் வாசகத் தொடர்பு

திறவுச்சொற்கள்: கையொப்பம், வாசகத் தொடர்பு, சமூக வலைத்தளம், காசித் திருமடம், முன்வெளியீட்டுத் திட்டம், மடல்

முன்னுரை

நூலை அச்சிடுவது எளிதாகிவிட்ட காலத்தில், நூலுக்கு உரியவரைக் கண்டடைவது அரிதாகியுள்ளது. தமிழ்த்துறைகளும் திருமடங்களும் சிறு பதிப்பகங்களும் உழைத்து வெளியிடும் பதிப்புகளுள் பல, வெளியீட்டு விழாவுக்குப் பின் கட்டுப் பிரிக்கப்படாமல் கிடப்பதைத் துறையினர் அறிவர். இக்குறைக்கு மருந்தாகச் சமூக வலைத்தளங்கள் முன்வைக்கப்படுகின்றன. முகநூலில் பக்கம் தொடங்குவதும் வாட்ஸ்அப்பில் குழு அமைப்பதும் அட்டைப்படத்தைப் பகிர்வதும் இன்று பதிப்புப் பணியின் கூறுகளாகவே ஆகிவிட்டன. வலைத்தளத்தை விளம்பரப் பலகையாகக் கொள்வதா, பதிப்பாசிரியர்கள் முன்பு கைக்கொண்ட மடல்வழித் தொடர்பின் நீட்சியாகக் கொள்வதா என்பதே இங்கு எழும் வினா. காவிரிப் படுகையில், திருப்பனந்தாளையும் அதன் அண்டை நகரான கும்பகோணத்தையும் சார்ந்து நிகழ்ந்த பதிப்பு முயற்சிகளைக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை அணுகுகிறது.

மடம் என்னும் தொடர்பமைப்பு

கொள்ளிடத்துக்குத் தெற்கே, கும்பகோணத்துக்கு வடகிழக்கே அமைந்த திருப்பனந்தாள், குங்கிலியக்கலய நாயனார் வரலாற்றால் சைவ உலகில் பெயர்பெற்ற ஊர். தமிழ்ப் பதிப்புலகில் அவ்வூரின் பெயர் நிலைபெற்றதற்குக் காசித் திருமடமே காரணம். தருமபுர ஆதீனத்தின் மாசிலாமணி தேசிகரிடம் உபதேசம் பெற்ற குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் காசியில் நிறுவிய மடம், 18ஆம் நூற்றாண்டில் திருப்பனந்தாளைத் தலைமையிடமாகக் கொண்டது. ஒரு முனை கங்கைக் கரையில், மறுமுனை நெல்விளையும் சோழநாட்டில். இடையே யாத்திரிகர், தம்பிரான்கள், கோயிற் கட்டளைகள், நிலவருவாய்க் கணக்குகள், மடல்கள். இவ்வமைப்பு நூல் விற்பதற்கென உருவானதன்று. ஆயினும் பிற்காலத்தில் நூல்கள் இத்தடங்களின் வழியாகவே பயணப்பட்டன.

உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த குமரகுருபர சுவாமிகள் பிரபந்தத் திரட்டு 1939இல் இம்மடத்தின் ஆதரவில் வெளிவந்தது. திருக்குறள் உரைக்கொத்தும் மடத்தின் வெளியீடே. மடம் இலக்கிய, சமய நூல்களைக் குறைந்த விலையில் வழங்கியதை மட்டும் கூறி நின்றுவிடுவது வழக்கம். அதனினும் கருதத்தக்கது வித்துவான் தேர்வில் முதன்மை பெற்றோர்க்கு மடம் வழங்கிய ரூ. 1000 பரிசு. அக்காலத்தில் அஃது ஒரு தமிழாசிரியரின் பல மாத ஊதியத்தை விஞ்சும் தொகை. பரிசு பெற்றவர் பின்னர் ஆசிரியரானார். அவர்வழி மாணவரிடம் நூல் சென்றது. இக்காலச் சந்தைப்படுத்தல் நூல்கள் ‘இலக்குப் பார்வையாளர்’ என்று கூறுவோரை மடம் தேடிச் செல்லவில்லை. நூலைப் படிக்க வல்லாரை உருவாக்குவதில் பொருளைச் செலவிட்டது.

கையொப்பத்தின் இயல்பு

19ஆம் நூற்றாண்டில் பெரிய நூலை அச்சேற்ற முனைந்தோர் கையொப்பம் சேர்ப்பது வழக்கம். நூல் வெளிவரப்போகும் செய்தியை அறிவித்து, இத்தனை படிகள் வாங்குவதாக ஒப்புக்கொள்வாரிடம் கையொப்பம் பெறுவர். சிலர் முன்பணமும் தருவர். கையொப்பமிட்டோர் பெயர்களை நூலிலேயே அச்சிடுவதும் உண்டு. முனிசீப்பு, வக்கீல், தாசில்தார், மிராசுதார், பள்ளி ஆசிரியர் என ஊரும் தொழிலும் சுட்டி அமையும் அப்பட்டியல்கள், அக்கால வாசகர் யாவர் என்பதை அறிய இன்று கிடைக்கும் நேர்ச்சான்றுகளாம். அவற்றை நூலின் பின்னிணைப்பு என ஒதுக்கிவிட்டு மறுபதிப்புச் செய்வோர் ஒரு வரலாற்றுச் சான்றையே ஒதுக்கிவிடுகின்றனர்.

இங்குக் கையொப்பம் என்பது பாராட்டன்று, கடப்பாடு. கையொப்பமிட்டவர் நூல் தாமதித்தால் கேட்பார்; பிழை கண்டால் எழுதுவார். பதிப்பாசிரியரும் அவரை மறவாமல் பணியாற்றுவார்.

சீவகசிந்தாமணிப் பதிப்பின் வரலாறு இதனை விளக்கும். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த சாமிநாதையர், அவ்வாண்டிலேயே அந்நகருக்கு முனிசீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் எனத் தாம் கற்றவற்றை அடுக்கியவரிடம், அவற்றுக்கு முற்பட்ட பழநூல்களைக் கற்றதுண்டா என முதலியார் வினவினார். பின்னர்த் தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியையும் அளித்தார். இந்நிகழ்ச்சியை ஆராய்ச்சியாளர் பலரும் புலவர் ஒருவரின் வாழ்வில் நேர்ந்த திருப்பமாகவே எடுத்துரைப்பர். வாசகத் தொடர்பு நோக்கில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. பதிப்பு தோன்றுமுன்பே அதனை வேண்டிய வாசகர் இருந்தார். எதைப் பதிப்பிக்க வேண்டும் என்பதை அவருடைய வினாவே காட்டியது.

மடத்துக் கல்வியில் தேர்ந்தவருக்குச் சமணக் காப்பியத்தின் கோட்பாட்டுச் சொற்கள் விளங்கவில்லை. எனவே அவர் கும்பகோணத்துச் சமணர்களை நாடினார். அவர்களுக்கு அது மரபாகப் பயின்றுவந்த சமயநூல். நூல் 1887இல் வெளிவந்தபின் தொடர்பு எல்லை கடந்தது; பாரிசிலிருந்து ஜூலியன் வின்சோன் மடல் எழுதினார்.

அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், நெருங்கிய உறவுகளைவிட நெருக்கம் குறைந்த அறிமுகங்களே புதிய செய்திகளைக் கொணர்கின்றன என்று வாதிட்டார். நெருங்கியோர் அனைவரும் அறிந்தது ஏறத்தாழ ஒன்றே. வேறு வட்டத்தைச் சேர்ந்தவரே அறியாததைத் தருவார் என்பது அவர் கருத்தின் சாரம். ஆதீன வட்டத்துக்கு அப்பாலிருந்து வந்த முனிசீப்பும் சமண அன்பர்களும் பாரிசு அறிஞரும் இக்கருத்துக்குப் பொருந்தும் சான்றுகள்.

விருப்பக்குறியின் இயல்பு

இணையத்தில் தமிழறிஞரின் கூட்டுழைப்பு சமூக வலைத்தளங்களுக்கு முற்பட்டது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சல்வழித் தொடர்புகொண்டு நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் உருவானது. அங்குத் தொடர்பு என்பது பணிப் பகிர்வாக இருந்தது. 2004இல் தோன்றிய முகநூல் பரவியபின் தொடர்பின் அளவுகோல் மாறியது. எத்தனை பேர் விரும்பினர், எத்தனை பேர் பகிர்ந்தனர் என்னும் எண்களே வாசகத் தொடர்பாகக் கொள்ளப்பட்டன.

விருப்பக்குறி எதற்கும் கடப்பாடு ஏற்பதில்லை. ‘அருமை’, ‘வாழ்த்துகள் ஐயா’ என்னும் பின்னூட்டங்கள் நட்பின் அடையாளங்கள், வாசித்தமைக்குச் சான்றாகா. மேலும், இடப்படும் பதிவு யாரைச் சென்றடையும் என்பதைப் பதிப்பாளர் முடிவு செய்வதில்லை. 2018 சனவரியில் முகநூல் நிறுவனம், நண்பர், உறவினர் பதிவுகளுக்கு முதன்மை தந்து நிறுவனப் பக்கங்களின் பதிவுகளைப் பின்தள்ளும் மாற்றத்தை அறிவித்தது. பல ஆண்டுகள் பின்தொடர்வோரைச் சேர்த்த பக்கங்கள் அவர்களைச் சென்றடையவே கட்டணம் செலுத்தும் நிலை வலுத்தது. கையொப்பப் பட்டியல் பதிப்பாளரின் கையில் இருந்தது. பின்தொடர்வோர் பட்டியலோ தளத்தின் உடைமை.

வாட்ஸ்அப் குழுவின் சிக்கல் வேறு. 2022இல் குழுவின் உச்ச அளவு 1024 ஆக உயர்ந்தது. எனினும் தமிழாசிரியர் குழுக்களில் இருப்போர் பெரும்பாலும் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர். அறிவிப்பு ஒரே வட்டத்துள் சுழல்கிறது. காலை வணக்கப் படங்களுக்கிடையே நூலறிவிப்பு மறைந்துபோவதையும் சொல்ல வேண்டும். பதிப்பாளருக்கு வேண்டியது தம் குழுவைப் பெருக்குவதினும் பிறர் வட்டங்களில் இடம்பெறுவதே. குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலைக்கு இசைக்கலைஞர் வட்டத்திலும், நீதிநெறி விளக்கத்துக்குப் பள்ளி ஆசிரியர் வட்டத்திலும், காசி யாத்திரை குறித்த நூலுக்குப் பயண ஆர்வலர் வட்டத்திலும் வாசகர் உளர். தமிழ்த்துறைக் குழுவில் மட்டும் பகிர்வதால் அவர்களை எட்ட முடியாது.

தமிழ்ப் பதிப்பகங்கள் சில கைக்கொள்ளும் முன்வெளியீட்டுத் திட்டம் கையொப்ப முறையின் நேர்வழித்தோன்றல். சலுகை விலையில் முன்பணம் பெற்று, அச்சிடும் படிகளை அதற்கேற்ப வரையறுப்பது அதன் பயன். திருமடங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் இதனை ஏற்பின், விலைச்சலுகையோடு நில்லாது, பாட வேறுபாடுகளையும் பொருள் விளங்காச் சொற்களையும் அச்சுக்கு முன்பே முன்பதிவு செய்தோரிடம் வினாவாக வைக்கலாம். வட்டாரச் சொல் ஒன்றின் பொருள் உழவரிடமோ, கோயிற் பரிபாடை ஒன்றின் பொருள் பணிசெய்வோரிடமோ கிடைத்தல் கூடும். விடை கூறியவர் பெயர் முன்னுரையில் இடம்பெறுமாயின், அவர் அந்நூலை விலைகொடுத்து வாங்குவதோடு பிறரிடமும் எடுத்துச்செல்வார்.

மடல்களின் எதிர்காலம்

சாமிநாதையருக்கு 1877 முதல் 1900 வரை வந்த மடல்கள் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் ‘கடிதக் கருவூலம்’ என்னும் பெயரால் 2018இல் வெளிவந்தன. ஒரு பதிப்பு எவ்வாறு உருவானது, யார் ஏடு தந்தார், யார் பணம் அனுப்பினார் என்பவற்றை அறிய அம்மடல்கள் உதவுகின்றன. தாளில் எழுதப்பட்டுப் பேணப்பட்டமையாலேயே அவை எஞ்சின. இன்றைய பதிப்பாசிரியர் பெறும் ஐய வினாக்களும் திருத்தங்களும் கைப்பேசியில் இருக்கின்றன. கைப்பேசி பழுதுறின் அவையும் அழியும். வாட்ஸ்அப் உரையாடலை உரைக்கோப்பாக வெளியே எடுக்கும் வசதி உண்டு. இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 தரவைக் கையாள இசைவைப் பொதுவிதியாகக் கொண்டிருப்பினும், ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் வரையறைகளுடன் விலக்களிக்கிறது. எனினும் பங்கேற்போரிடம் தொடக்கத்திலேயே இசைவு பெறுவது முறை. நூல் வெளிவந்ததும் அதன் உரையாடற் கோப்பையும் முன்பதிவுப் பட்டியலையும் தொலைபேசி எண்களை நீக்கித் துறை நூலகத்தில் ஒப்படைக்கும் நடைமுறையைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தம் அடுத்த பதிப்பிலிருந்தே தொடங்க இயலும். இதற்குத் தனி நிதி வேண்டுவதில்லை.