வானில் வரையும் கோடு

நுழையும்முன்

பறவையைக் கண்டு பறக்க விழைந்த மனிதன் முதலில் செய்து பார்த்தவை மாதிரி வானூர்திகளே. தரையில் நின்றவாறே அவற்றை இயக்கி, வானில் வளையங்களையும் நேர்கோடுகளையும் வரையும் கலை, இன்று நாடுகளின் அணிகள் மோதும் உலகப் போட்டியாக வளர்ந்துள்ளது. அப்போட்டியின் அறிவியலையும் நெறிமுறைகளையும், பறத்தல் கலை தமிழ் மாணவர்களை அழைத்துச் சென்ற தொலைவையும் இப்பாடம் விளக்குகிறது.

பருந்து கற்பிக்கும் பாடம்

பிசான அறுவடை முடிந்த பின்னர், சேரன்மாதேவிக்கும் அம்பாசமுத்திரத்திற்கும் இடைப்பட்ட தாமிரபரணி வயல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தால், இறக்கையை அசைக்காமல் வட்டமிடும் பருந்துகளைக் காணலாம். அவை இடும் வட்டம் அமைதியானது. எளிதானது போலவும் தோன்றும். அதே பருந்தை ஆடி மாதத்தில் பார்க்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும்போது, பருந்து தன் உடலைக் காற்றின் பக்கம் சற்றே திருப்பிக்கொள்ளும், ஓர் இறக்கையைத் தாழ்த்தும், வாலை விரிக்கும். அதன் தலை ஒரு திசையை நோக்கியிருக்க, அது செல்லும் வழியோ வேறொரு திசையில் பிறழாமல் அமையும்.

அம்மியையும் பறக்கச்செய்யும் எனப் பழமொழி கூறும் அக்காற்றில் தன் வழியைக் காத்துக்கொள்வதே பருந்தின் திறன். மாதிரி வானூர்தி வான்வித்தைப் போட்டியில் நடுவர்கள் அளந்து பார்ப்பதும் ஏறத்தாழ இத்திறனைத்தான்.

போட்டியின் அமைப்பு

வான்வெளி விளையாட்டுகளுக்கான உலக அமைப்பாகிய பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு 1905ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. மனிதர் ஏறிச்செல்லும் வானூர்தி, சறுக்கு வானூர்தி, வெப்பக்காற்றுப் பலூன் ஆகியவற்றோடு மாதிரி வானூர்திகளுக்கும் இவ்வமைப்பே விதிகளை வகுக்கிறது. ரேடியோ அலைகளால் இயக்கப்படும் மாதிரி வானூர்திகளின் வான்வித்தைப் பிரிவு ‘எஃப்3ஏ’ எனப்படும். இப்பிரிவின் முதல் உலகப் போட்டி 1960ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டில் நடைபெற்றது. இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் போட்டி இது.

ஒரு நாட்டின் அணியில் மூன்று விமானிகள் இடம்பெறுவர். இளையோர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ள விதி இடமளிக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே பறக்கவிட்டாலும், அவர்கள் ஈட்டுவன ஒன்று சேர்ந்தே நாட்டின் இடத்தை முடிவு செய்கின்றன. ஒருவரின் கவனக்குறைவு மூவரின் உழைப்பையும் பாதிக்கும். எனவே, தனிமனிதத் திறன் போலத் தோன்றும் இது உண்மையில் ஒரு குழு விளையாட்டே ஆகும்.

நம் நாட்டில் இவ்விளையாட்டுகளுக்குப் பொறுப்பான அமைப்பு, புதுதில்லியில் உள்ள இந்திய ஏரோ கிளப் ஆகும். உலகப் போட்டிகளில் நாட்டின் சார்பாகக் கலந்துகொள்வோர் தத்தம் நாட்டு அமைப்பின் வழியாக விளையாட்டு உரிமம் பெற்றிருத்தல் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பெட்டி

போட்டியில் இடம்பெறும் வானூர்தியின் நீளமும் இறக்கையின் அகலமும் தனித்தனியே 2 மீட்டருக்கு மிகுதல் கூடாது. எடை ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். முன்பு பால்சா மரத்தாலும் எரிபொருள் இயந்திரத்தாலும் அமைந்த இவ்வூர்திகள், இன்று பெரும்பாலும் கார்பன் இழை கலந்த உடலையும், லித்தியம் பாலிமர் பேட்டரியால் சுழலும் மின்மோட்டாரையும் கொண்டுள்ளன.

விமானியிடமிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் தொலைவில் வானூர்தி பறக்க வேண்டும். அவருடைய நேர்ப்பார்வைக்கு இடப்புறம் 60 பாகை, வலப்புறம் 60 பாகை, மேல்நோக்கி 60 பாகை என எல்லை வகுக்கப்பட்டுள்ளது. கணக்கிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ 520 மீட்டர் அகலமும் 260 மீட்டர் உயரமும் உடைய ஒரு பெட்டி வானில் உருவாகும். சுவர்களோ கோடுகளோ இல்லாத அப்பெட்டிக்குள், விதித்த வரிசைப்படி எல்லா வித்தைகளையும் 8 நிமிடங்களில் நிகழ்த்தி முடிக்க வேண்டும்.

விமானிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் நடுவர்கள் ஒவ்வொரு வித்தைக்கும் 10 வரை மதிப்பெண் வழங்குவர். வித்தையின் கடுமைக்கேற்ப ஒரு குணகம் உண்டு. மதிப்பெண் அக்குணகத்தால் பெருக்கப்படும். ஏறத்தாழ 15 பாகை பிறழ்ந்தால் ஒரு மதிப்பெண் குறையும். இங்கு வேகத்திற்குப் பரிசில்லை. பார்வையாளரை நடுங்கவைக்கும் துணிச்சலுக்கும் தனி மதிப்பெண் இல்லை. வட்டம் வட்டமாக இருந்ததா, செங்குத்துக் கோடு செங்குத்தாக நின்றதா, வித்தை பெட்டியின் நடுவில் அமைந்ததா என்பவையே வினாக்கள்.

காற்றோடு ஒரு கணக்கு

வானூர்தி பறப்பது காற்றில். நடுவர் அமர்ந்திருப்பது தரையில். இவ்வேறுபாட்டிலிருந்தே இவ்விளையாட்டின் கடுமை பிறக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மாதிரி வானூர்தியின் மீது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகமுள்ள குறுக்குக்காற்று வீசுவதாகக் கொள்வோம். ஊர்தி ஒவ்வொரு நொடியும் 8 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தள்ளப்படும். அதன் வழி நேராக அமைய வேண்டுமெனில், மூக்கைக் காற்றின் பக்கம் ஏறத்தாழ 17 பாகை திருப்பியே செலுத்த வேண்டும். ஆடிக்காற்றில் பருந்து செய்வதும் இதுவே. எஃப்3ஏ விதிகளின்படி ஊர்தியின் முகம் எத்திசையை நோக்குகிறது என்பதைவிட, அது சென்ற வழி சிதையாமல் இருந்ததா என்பதே முதன்மையானது.

செங்குத்து வளையம் இடுவதும் எளிதன்று. மேலேறும்போது புவியீர்ப்பு வேகத்தைக் குறைக்கிறது, கீழிறங்கும்போது கூட்டுகிறது. விமானி ஏறும்போது மோட்டாரின் ஆற்றலை மிகுத்தும், இறங்கும்போது தணித்தும், வாலின் கிடைத்தகட்டை நொடிக்கு நொடி சரிசெய்தும் வந்தால் மட்டுமே வளையம் வட்டமாகும். சிறிது தவறினாலும் அது முட்டை வடிவம் கொள்ளும்.

இன்னொரு வித்தையில் வானூர்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓர் இறக்கை வானையும் மற்றோர் இறக்கை மண்ணையும் சுட்ட, கத்தியின் முனைபோல் பறக்கும். அப்போது இறக்கைகள் ஊர்தியைத் தாங்குவதில்லை. சுக்கானைத் திருப்பி மூக்கைச் சற்றே உயர்த்தியதும், ஊர்தியின் பக்கவாட்டு உடலே இறக்கையாகி ஏற்றுவிசை தருகிறது. உடலின் பக்கங்கள் உயரமாக வடிவமைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

காற்றின் வேகம் நொடிக்கு 12 மீட்டரைத் தொடர்ந்து கடக்குமானால் போட்டியை நிறுத்திவைக்க விதியுண்டு. அதற்குட்பட்ட காற்று எல்லோர்க்கும் பொதுவானது. அதனைக் குறைகூறுவதால் பயனில்லை.

தெரிந்து தெளிவோம்

ஓட்டுநர் இன்றி இயங்கும் வான்ஊர்தி என்னும் கற்பனை தமிழுக்குப் புதிதன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்றுப் பாடலொன்றில் அக்கற்பனை இடம்பெற்றுள்ளது.

அருகில் நிற்கும் குரல்

போட்டிக்களத்தில் விமானியின் அருகில் ஒருவர் நிற்பார். அடுத்து வரவிருக்கும் வித்தையின் பெயரை உரக்கச் சொல்வது அவர் பணி. விமானியின் கண்கள் ஒரு கணமும் ஊர்தியை விட்டு அகலக் கூடாது. ஆகவே தாளைப் படிப்பவர் வேறொருவராக இருக்க வேண்டியுள்ளது. எந்த இடத்தில் மூச்சுவிட வேண்டும், எந்தச் சொல்லை எப்போது சொல்ல வேண்டும் என்பனவற்றை இருவரும் பலநாள் பயின்றே தேர்கின்றனர்.

இறுதிச் சுற்றில் முன்னறியாத வித்தை வரிசையும் தரப்படுவதுண்டு. அதனை ஊர்தியில் பயிற்சி செய்து பார்க்க இயலாது. எனவே, குச்சியில் பொருத்திய சிறு பொம்மை விமானத்தைக் கையில் ஏந்தி, அதனைச் சுழற்றியும் கவிழ்த்தும் விமானிகள் மனத்திற்குள் பறந்து பார்க்கின்றனர். உலக வாகையர் ஒருவர் சிறுவரைப் போலப் பொம்மை விமானத்துடன் தனியே நடமாடுவது அக்களத்தில் இயல்பான காட்சி.

வீழ்தலும் எழுதலும்

தொடக்கநிலைப் பயிற்சியாளரைத் திகைக்கவைக்கும் ஓர் உண்மை உண்டு. ஊர்தி நம்மைவிட்டு விலகிச் செல்லும்போது அதன் வலப்புறமும் நம் வலப்புறமும் ஒன்றே. அது நம்மை நோக்கித் திரும்பியதும் இடம் வலமாக மாறிவிடும். வலப்புறம் திருப்ப எண்ணி விசையை நகர்த்தினால் ஊர்தி நம் இடப்புறம் செல்லும். பதற்றத்தில் இன்னும் மிகுதியாக நகர்த்துவோம். ஊர்தி மண்ணில் மோதும். பல மாத உழைப்பு ஒரு நொடியில் சிதறும்.

இதனால்தான் இன்று முதற்பயிற்சி கணினியில் அமைந்த போலிப் பறத்தல் நிரல்களில் தொடங்குகிறது. அங்கு நூறுமுறை வீழ்ந்தாலும் செலவில்லை. பின்னர் எளிய பயிற்சி ஊர்தி. அதன்பின்னரே வான்வித்தை ஊர்தி. தேசிய மாணவர் படையின் வான்படைப் பிரிவில் மாதிரி வானூர்தி அமைத்தலும் பறக்கவிடலும் பயிற்சியின் பகுதியாக உள்ளன. அனைத்திந்திய வாயு சைனிக் முகாமில் இதற்கெனப் போட்டிகளும் நடத்தப்படுகின்றன. கைப்பிடியிலிருந்து செல்லும் கம்பிகளால் ஊர்தியைக் கட்டுப்படுத்தி, தன்னைச் சுற்றி வட்டமாகப் பறக்கவிடும் முறையை மாணவர்கள் அங்குக் கற்கின்றனர். அம்முறைக்கும் உலகளவில் ‘எஃப்2பி’ என்னும் வான்வித்தைப் போட்டி உண்டு.

குரோம்பேட்டையிலிருந்து குயின்ஸ்லாந்துக்கு

விளையாட்டாகக் கற்கும் பறத்தல் கலை விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. சென்னை குரோம்பேட்டையில் உள்ள மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி 1949ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்றது இங்குத்தான். அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த இரு பழைய விமானங்கள் தம்மை ஈர்த்ததை அவர் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

இக்கல்லூரியின் மாணவர்கள் உருவாக்கிய ‘தக்‌ஷா’ குழு, 2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நடைபெற்ற ஆளில்லா வானூர்திப் போட்டியில் கலந்துகொண்டது. மாதிரி வானூர்திகளில் நெடுநாள் ஈடுபாடு கொண்ட திரைக்கலைஞர் அஜித்குமார் அக்குழுவின் ஆலோசகராக விளங்கினார். அது வான்வித்தைப் போட்டியன்று. தொலைவில் தனித்திருக்கும் நோயாளியின் இரத்த மாதிரியை, ஊர்தி தானாகவே சென்று பெற்றுத் திரும்ப வேண்டும் என்பதே அங்கு அளிக்கப்பட்ட பணி. உலக நாடுகள் பலவற்றின் குழுக்களுக்கிடையே தக்‌ஷா இரண்டாம் இடம் பெற்றது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் கிருமிநாசினி தெளிக்கவும் இத்தகைய ஊர்திகள் பயன்பட்டன.

நடுவர் முன் கோடு பிறழாமல் காக்கும் கணக்கும், நோயாளியின் வாசலில் ஊர்தியைப் பழுதின்றி இறக்கும் கணக்கும் ஒரே அறிவியலின் இரு பயன்களாகும்.

உரிமையும் பொறுப்பும்

பறக்கவிடும் ஆர்வத்தோடு சட்டத்தை அறிதலும் வேண்டும். இந்திய அரசின் டிரோன் விதிகள் 2021 வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாக வகுக்கின்றன. பச்சை மண்டலத்திலும் முன் அனுமதியின்றிப் பறக்கத்தக்க உயரம் 400 அடி, அதாவது 120 மீட்டர் மட்டுமே. வான்வித்தைப் பெட்டியின் உயரமோ 260 மீட்டர்! எனவே, முழுமையான பயிற்சிக்கு உரிய அனுமதி பெறுவது கட்டாயமாகிறது. வாகைகுளம் போன்ற விமான நிலையங்களின் சுற்றுப்புறத்தில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி விண்வெளி மையம் ஆகியவற்றின் அருகில் பறக்கவிட எண்ணவே கூடாது. கூந்தன்குளத்தில் பறவைகள் கூடும் காலத்தில் அவற்றின் வான்வழியில் குறுக்கிடாமல் இருப்பதும் நம் கடமையே. ஐந்து கிலோ எடையுள்ள ஊர்தி கட்டுப்பாட்டை இழந்து வீழ்ந்தால் உயிருக்கே கேடு நேரும். எனவே, மக்கள் கூடும் இடங்களை விலக்குதல் முதல் விதியாகும்.

நிறைவாக

வானில் வரையும் கோடு வரைந்த மறுகணமே மறைந்துவிடுகிறது. அதற்குச் சான்று இல்லை. கண்டவர் நினைவு மட்டுமே உண்டு. எனினும், அக்கோட்டைப் பிறழாமல் வரைவதற்காக ஒருவர் மேற்கொள்ளும் பயிற்சி அவருக்குள் நிலைத்துவிடுகிறது. வீசும் காற்றை நாம் தேர்ந்தெடுக்க முடியாது; அக்காற்றில் நம் வழியைத் தேர்ந்தெடுக்க முடியும். பொதிகை அடிவாரத்துப் பருந்து நாள்தோறும் அதனைச் செய்துகாட்டுகிறது. அண்ணாந்து பார்ப்போர் கற்றுக்கொள்ளலாம்.

கற்பவை கற்றபின்

1. தாளில் செய்த விமானத்தைக் காற்று வீசும் திசையிலும், எதிர்த்திசையிலும், குறுக்காகவும் பறக்கவிட்டு, அது சென்ற வழியை வரைந்து வேறுபாட்டை விளக்குக.

2. ‘துணிச்சலைவிடத் துல்லியமே சிறந்தது’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊர் எந்த வான்மண்டலத்தில் அமைந்துள்ளது என்பதைக் கண்டறிந்து, அங்குப் பின்பற்ற வேண்டிய பாதுகாப்பு விதிகளைத் தொகுத்து எழுதுக.